முன்வரிசையில் இருந்த டின்

கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். அவ்வளவு இடத்தையும் பழைய செருப்புக்கும் பிய்ந்த பைக்கும் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், மேடம். புயலுக்குப் பிறகுதான் வீட்டை அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

டீ வரவழைத்ததற்கு நன்றி. முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அதில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். எனக்கு மச்சான், கட்டிடத்துக்கே ‘லிஃப்ட் அண்ணன்’. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு, வைத்தியம் முடிகிற வரை இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவருக்கு இரண்டும் நாலு வருஷம் நடந்தது. ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். கட்டில் அவருடையதானது, பிறகு ஜன்னல், பிறகு டிவி.

நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கட்டிட லிஃப்ட் அவர் வந்த அன்றைக்கே நின்றுபோனது. “என்னப் பாத்ததும் எழுந்து நிக்குது மாப்ள, மரியாதை தெரிஞ்ச லிஃப்ட்டு” என்று சொல்லிவிட்டு, உடைந்த காலோடு ஐந்து மாடியையும் ஏறினார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்த ஜோக்கைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் இருபது தடவை நானும் சிரித்தேன்.

நான் பதினோரு வருஷம் உணவுப் பொருள் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். டின்களைச் சோதிப்பது என் வேலை. ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். மறுபடி மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு மனைவி துணிக்கடைக்குப் போய்விடுவாள். நானும் மச்சானும் பகல் முழுக்க ஒரே ஹாலில் இருப்போம். ஒரு மனிதர் எவ்வளவு இடத்தை அடைக்கிறார் என்பது பகலில்தான் தெரியும்.

பிறகு புயல். நாலு நாள் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டில் இருந்தது அரை வாளித் தண்ணீரும் மூன்று பாக்கெட் பிஸ்கட்டும். முதல் நாள் சாயங்காலமே மச்சான் இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்கு நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார். அங்கே தையல்காரம்மா வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு. திரும்பி வந்ததும் என்ன மச்சான் இது என்று கேட்டேன்.

“ஆபத்துக்குப் பாவமில்ல மாப்ள. பசங்க அழறாங்க.”

மிச்சமிருந்த பாக்கெட்டில் பதினெட்டு பிஸ்கட். மூன்று பேர், மூன்று நாள், ஆளுக்கு இரண்டு. அந்த மூன்று நாளும் மச்சான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை பெண் கதையெல்லாம் சொன்னார். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் எண்ண வேண்டும்.

புயல் ஓய்ந்ததும் நகராட்சிக்காரர்கள் கதவுக்கு அடியில் ஒரு நோட்டீஸ் தள்ளிவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், இரண்டு வாரத்துக்கு. டின் உணவு, டார்ச், பேட்டரி, மெழுகுவர்த்தி, மருந்துப் பெட்டி. எல்லாம் விவரமாக இருந்தது. எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

அந்த மாதங்கள் சந்தோஷமானவை, மேடம். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எழும்போதே எனக்கு ஒரு வேலை இருந்தது. டார்ச்சை என் பழைய ஷூவுக்குள் வைத்தேன். மெழுகுவர்த்தி திரைச்சீலைக் குழாய்க்குள் கச்சிதமாகப் போனது. பேட்டரிகளைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் ஒட்டினேன். தலையணையில் பஞ்சை எடுத்துவிட்டு அரிசியை நிரப்பினேன். மனைவி இரண்டு நாள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், “ஏங்க, இது தலையணையா மூட்டையா? கடையில எல்லாரும் கழுத்துல என்னன்னு கேக்கறாங்க” என்றாள். மச்சான் கட்டிலிலிருந்தே, “விடும்மா, பசிச்சா தலையணையக் கடிச்சுக்கலாம்” என்றார்.

தண்ணீர்தான் பிரச்சினை. மூன்று பேருக்கு நூற்று அறுபத்தெட்டு லிட்டர்; இருபது லிட்டர் கேன் ஒன்பது. அவ்வளவு கேன்களும் போகக்கூடிய இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, மச்சானின் கட்டிலுக்கு அடி. கேன் கட்டிலைவிட உயரம். அதனால் நாலு காலுக்கும் செங்கல் வைத்தேன். கேன் போனது, வெளியே எடுக்க வரவில்லை. இன்னொரு வரிசை செங்கல் வைத்தேன். அதற்குப் பிறகு மச்சான் முக்காலி போட்டுத்தான் ஏறிப் படுக்க முடிந்தது. “இன்னும் ரெண்டு கல்லு வைங்க மாப்ள, படுத்துக்கிட்டே ஃபேனுக்கு எண்ணெய் போட்டுடறேன்” என்றார். கோபமே வராது அவருக்கு.

அடுத்தது டின்கள். புயலுக்குப் பிறகு பழைய கிடங்குக்குப் போய்க் கேட்டபோது மேற்பார்வையாளர் நெளிந்த டின்கள் நாற்பத்திரண்டை என் தலையில் கட்டியிருந்தார். மீன், பட்டாணி, பால். அவற்றுக்குப் பலகை அடிக்கக் காலியாக இருந்த ஒரே சுவர் கட்டிலை ஒட்டிய சுவர். அடித்தேன். மச்சான் படுத்தபடியே கையை நீட்டினால் எட்டும்.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று சும்மாவா சொன்னார்கள். நாற்பத்திரண்டு நாற்பத்தொன்றானது. பிறகு நாற்பது. வாரத்துக்கு ஒன்று. சில டின்கள் அவர் வயிற்றுக்குப் போயின, சில நாலாவது மாடிக்கு. எனக்கு அவர்மேல் இருந்த குறை ஒன்றுதான். அவர் கேட்பதில்லை. கேட்காமல் எடுத்தால் அது இருப்பு இல்லை, வெறும் அலங்காரம். இதை மனைவியிடம் சொன்னேன்.

“கேட்டா குடுத்துடுவீங்களா?” என்றாள்.

நியாயமான கேள்வி. அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஒரு நாள் நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டேன். மூன்று பேருக்கு ஒன்பது கேன். இரண்டு பேருக்கு ஆறு போதும். கட்டில் இல்லையென்றால் அந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை பலகை அடிக்கலாம். அதாவது, ஒரு ஆள் குறைந்தால் தேவையும் குறைகிறது, இடமும் கூடுகிறது. அலமாரியை நகர்த்தினாலும் குளியலறைக் கதவைத் திருப்பி மாட்டினாலும் இப்படி இரண்டு பக்கமும் லாபம் வராது. நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அன்று மச்சானுக்கும் சேர்த்து டீ போட்டேன்.

கிடங்கில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். வீட்டிலும் அதே ஒழுங்குதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு டின்னின் மூடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு, ஒரு மீன் டின் என் விரலைத் திருப்பித் தள்ளியது.

உப்பிய டின் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அடியில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட வேண்டும். கையுறையோடு எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். எவனும் திறக்கக் கூடாது. வேறொரு கிடங்கில் ஒருவன் அப்படி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செத்த கதையை வருஷா வருஷம் சொல்வார்கள். நான் அதைச் சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

சிவப்புப் பேனாவை எடுத்துக் குறி போட்டேன். பதினோரு வருஷப் பழக்கம். கை தானாகவே போட்டது. பிறகு சிவப்புத் தொட்டியைத் தேடினேன். எங்கள் வீட்டில் அது இல்லை. வைக்க இடமும் இல்லை. அதனால் டின்னைப் பலகையிலேயே திரும்ப வைத்தேன். இருந்ததிலேயே பழைய டின் அது. ஆகவே முன்வரிசைக்கு வந்தது. ஒழுங்குப்படி பார்த்தால் நான் ஒரு தவறும் செய்யவில்லை.

ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. இரண்டு தடவை மச்சான் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பட்டாணியை எடுத்தார். இரண்டு தடவையும் நான் வரிசையைச் சரிசெய்தேன்.

பத்தாம் நாள் மத்தியானம் அவர் அந்த டின்னோடு முக்காலியில் இறங்கினார். மனைவி கடையில் இருந்தாள். கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். “இது மீனு மாப்ள. அதுங்க மோந்து பாத்துட்டு ஓடிடும். எனக்குத்தான்” என்றார். அப்படியென்றால் சரி என்று விட்டேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் கவனமாக இருப்பவன்.

மறுநாள் காலையில் அவருக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. “ரெண்டு மாப்ள நிக்கறீங்க. ஒருத்தரையே சமாளிக்க முடியல” என்றார். மத்தியானம் இமை தானாக மூடியது. மருந்துப் பெட்டியைத் திறந்து தலைவலி மாத்திரை ஒன்று கொடுத்தேன். மூன்று மணிக்குப் பேச்சு குழறியது. நோட்டீஸில் ஆம்புலன்ஸ் நம்பர் தடித்த எழுத்தில் இருந்தது. நான் அப்போது கூரைவரை அடிக்கப்போகும் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் கத்தவில்லை. கீழே ஓடி ஆட்களைக் கூட்டி வந்தாள். தையல்காரம்மாவின் புருஷனும் இன்னும் மூன்று பேரும் லிஃப்ட் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து ஐந்து மாடிப் படியையும் இறக்கினார்கள். படிக்கட்டில் விளக்கு இல்லை. நான் டார்ச் பிடித்தேன். ஷூவுக்குள்ளிருந்து ஒரே நொடியில் எடுத்தேன். தயாராக இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு நாளாக என்ன சாப்பிட்டார் என்று. காரணம் தெரிந்தால் கொடுக்க மருந்து இருக்கிறது என்றும் சொன்னார். நாங்கள் சாப்பிட்டதைத்தான் சாப்பிட்டார் என்றேன். நாலாம் நாள் மச்சான் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாளே நான் கட்டிலைக் கழற்றினேன். அவசரப்பட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கட்டிலைக் கழற்றியதால் மனைவி அவருடைய சாமான்களை எடுத்து வைக்க உட்கார்ந்தாள். ஜன்னலோரம் அவருடைய ஸ்க்ரூடிரைவர்கள் ஒரு காலி டின்னில் நின்றன. மனிதர் எதையும் தூக்கிப் போட மாட்டார். கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். அவள் அதைக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அடியையே பார்த்தாள்.

“இது நீங்க போட்ட குறிதானே?”

ஆமாம் என்றேன். இன்னொன்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டின்னோடு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். இப்போது தோழி வீட்டில் இருக்கிறாளாம். அங்கே எத்தனை லிட்டர் தண்ணீர் வைத்திருக்கிறார்களோ.

ஒரு திருத்தம் இருக்கிறது, மேடம். அவர் கேட்காமல் எடுத்தார் என்று சொன்னேன், நீங்களும் எழுதிவிட்டீர்கள். அந்தக் கடைசி டின்னுக்கு அது பொருந்தாது. அதை மட்டும் கேட்டார். முக்காலியிலிருந்து இறங்கி, டின்னை உள்ளங்கையில் வைத்து மூடியை அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது.

“வயித்தப் பாருங்க மாப்ள, என்னய மாதிரியே உப்பியிருக்கு. சாப்பிடலாமா?”

நான் டேப்பைச் சுவரில் பிடித்திருந்தேன். ஆறடி இரண்டங்குலம். பார்வையை எடுத்தால் அளவு போய்விடும்.

“முன்வரிசைல இருந்ததுதானே மச்சான்? அதத்தான் முதல்ல சாப்பிடணும்” என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். “நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க வாயால சாப்பிடுங்கன்னு கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கரண்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தார். நானும்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாவி உங்களிடமே இருக்கட்டும். உள்ளே போகிறவர்கள் பலகையைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரையிலிருந்து கூரைவரை ஏழு தட்டு, ஒன்பது கேன், முப்பத்தொரு டின். எல்லாம் அழுத்திப் பார்த்தது. ஒரு ஆளுக்கு நாற்பத்தைந்து நாள் தண்ணீர் வரும். இனி எந்த ஆபத்து வந்தாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது, மேடம்.