இடது காலுக்கு ஓய்வு கிடைத்த கதை

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் பணிமனை மேலாளர் அவர்களே! எனக்கு இடமும் வலமும் வீற்றிருக்கும் சங்கப் பெரியோர்களே! நாளை புதிய மின்சாரப் பேருந்துகளில் பயிற்சி தொடங்கவிருக்கும் ஓட்டுநர் தோழர்களே! நிறுத்தத்தில் நின்று கைகாட்டியும் நான் நிறுத்தாமல் போன நாட்களை மன்னித்து, இன்று என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் அடியேனின் வணக்கம்.

'மாற்றத்தை எதிர்கொள்வது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாதவனிடம் கடலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நிறையச் சொல்வான். அவன் குடித்த தண்ணீர் அப்படி!

என்ன தம்பி? சுருக்கமாகவா? மைக் கிடைத்தால் நான் பிரேக் பிடிக்காத வண்டி என்று என் மனைவியே சொல்வாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி! அது வண்டியா? வேங்கை! கிளப்பினால் உறுமும், ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் இளைப்பாறும். இடது காலால் கிளட்சை மிதிப்பேன், கியரை மாற்றுவேன், பறப்பேன். பின்னால் என் நண்பர், நடத்துநர். அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோய் எல்லாருக்கும் 'விசில்' ஆகிவிட்டவர். அவர் ஊதினால் நிற்பேன், ஊதினால் நகர்வேன். கட்டிய மனைவிக்குக்கூட நான் அவ்வளவு கட்டுப்பட்டதில்லை.

வந்தது புதிய வண்டி. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தம் இல்லை. வாசலிலேயே இயந்திரம் சீட்டுக் கொடுக்கும், ஆகவே நடத்துநரும் இல்லை. விசிலை, வண்டிகளுக்கு மின்சாரம் ஏற்றும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். என் இடது காலுக்கும் வேலை போயிற்று. ஆனால் அந்தச் சேதியை அந்தக் காலுக்கு யார் போய்ச் சொல்வது?

பயிற்சி நாள். பக்கத்தில் பயிற்சியாளர், என் மகள் வயதுப் பெண்.

"சார், இடது காலைப் பின்னாடி இழுத்து வச்சுக்குங்க. இனிமே அதுக்கு லீவு."

"ஏம்மா, என் காலுக்கு லீவு குடுக்க நீ யாரு?"

இப்படி மீசையை முறுக்கிக்கொண்டு கிளப்பினேன். நம் மேலாளர் அவர்கள் கையில் தேநீருடன் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வளைவு வந்தது. வளைவில் கியரைக் குறைக்க வேண்டும் அல்லவா? எழுந்தது இடது கால். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமாக ஒரு பிரேக். ஓங்கி ஒரு மிதி! வண்டி நின்றது, தேநீர் நிற்கவில்லை. மேலாளரும் நிற்கவில்லை. இதோ, இன்று சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை, தோழர்களே!

எப்படியோ தேறினேன். தனியாக வண்டியைக் கொண்டுபோன முதல் நாள், ஒரு நிறுத்தத்தில் எல்லாரும் ஏறிவிட்டார்கள். கதவு மூடிவிட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையோடு இருந்த ஓர் அம்மா கேட்டார்:

"ஏங்க, வண்டி ஏன் நிக்குது?"

"விசில் இன்னும் வரலையேம்மா!"

வண்டியே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் கால் எழுந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி என் மடியில் வந்து விழுந்தது. நல்ல வேளை, கூடவே அவர் வரவில்லை!

வீட்டுக்குப் போய், "வேலையை விட்டுடறேன்" என்றேன். சாப்பாட்டு மேசைக்கடியில் என் இடது கால் அப்போதும் உதைத்துக்கொண்டிருந்தது. மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல எந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நானும் அன்னைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்திருக்கலாம். குடுக்காம விட்டுட்டேன்."

தாய்மார்களே, கைதட்டுவது போதும்! பின்வரிசையில் அவளும் இருக்கிறாள். இதற்கு மேல் ஊக்கம் கொடுத்தால் நான் வீட்டுக்குப் போக முடியாது.

மறுநாள் மின்சாரக் கொட்டகைக்குப் போனேன். விசில் கனமான கேபிளை இழுத்து வண்டியில் செருகிக்கொண்டிருந்தார். அவரிடமே போய் என் கால் புராணத்தைப் பாடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"டிரைவரே, உனக்கு ஒரு கால்தான்யா போச்சு. எனக்குப் பஸ்ஸே போச்சு."

எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன் முகத்தை? அவர் எப்படி இருக்கிறார் என்று அன்றுவரை நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தேனா? இல்லை! என் கால், என் கவலை, என் கௌரவம்!

ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம் விடுமுறை நாளில் சாதாரணச் சட்டையில் என் வண்டிக்கு வந்தார். பயணியைப்போலச் சீட்டு எடுத்தார். எனக்குப் பின்னால் நின்றார். என் தொடை அசைந்தால் போதும், மெதுவாக, "காலு" என்பார். இறங்கும் இடம் வரும்போதெல்லாம் "காலு." வளைவுக்கு வளைவு "காலு." ஒரு பயணி என்னிடம் வந்து, "அண்ணே, இந்தக் காலுங்கற ஸ்டாப் எப்ப வரும்?" என்று கேட்டார்!

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வந்தார். ஒரு நாள் அந்தி வரை அவர் வாயே திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். "காலு அடங்கிருச்சுய்யா" என்றார்.

அப்போதுதான் நான் கேட்டேன்: "நீ ஓட்டக் கத்துக்கிறியா?"

"இந்த வயசுலயா? எனக்கு ஊதத்தான் தெரியும்."

பணிமனை மைதானத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். அவருடைய இடது கால் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. பழக்கமே இல்லாத காலுக்கு மறக்க வேண்டியது என்ன இருக்கிறது? என்னைவிட நன்றாக ஓட்டினார். மனம் திறந்து சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

தோழர்களே! மாற்றத்தைச் சந்திக்கத் துணிவு வேண்டும் என்பார்கள். எனக்கு ஏது துணிவு? அறிவு வேண்டும் என்பார்கள். இருந்தால் நான் ஏன் மேலாளர் மீது தேநீரைக் கொட்டுகிறேன்? என்னிடம் இருந்தது பின்னால் நின்ற ஓர் ஆள், அவ்வளவுதான்! நாளை நீங்கள் தடுமாறுவீர்கள். தடுமாறுங்கள்! தவறாக மிதியுங்கள்! தெரியாததைத் தெரியாது என்று உரக்கச் சொல்லுங்கள்! பின்னால் நின்று திருத்துகிறவரை மட்டும் விரட்டிவிடாதீர்கள். பக்கத்தில் தடுமாறுகிறவரைப் பார்த்தால், அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்!

மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான் அந்த நண்பர். உரிமம் வாங்கி, தேர்விலும் தேறிவிட்டார். நாளை அதிகாலையில் கிளம்பும் முதல் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார்.

என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுமையாகச் சகித்தவர்களுக்கும் நன்றி. நாளை வெளியே போகும் வேலை இல்லாவிட்டாலும் வாருங்கள். அவர் வண்டியில் ஒரு நடை ஏறுங்கள். வணக்கம்!