ஜெரோமின் இடது காது

கடலோரம் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னலைப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். காற்று வரட்டும் என்றுதான். ஆனால் வெறும் கண்ணாடியிலும் வெறும் சுவரிலும் பட்டுப் பட்டுச் சத்தம் அறைக்குள்ளேயே அலையும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தேவனேரியில் நானும் ஜெரோமும் பாட்டு வேலைக்காக வாடகைக்குப் பிடித்த அறையிலும் முதல் தொல்லை ஜன்னல்தான். உங்கள் ஸ்டேஷனில் இந்த அறையும் அப்படித்தான் இருக்கிறது, மேடம். நீங்கள் மெதுவாகக் கேட்டாலும் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை வருகிறது. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் பழக்கம்.

என் பெயர் கலையரசன். ஊர் வேடந்தாங்கல் பக்கம். அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்தார், பிறகு லோடு வண்டி வாங்கினார். நான் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் முடித்து, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தேன். வண்டி ஓடும்போது உள்ளே எங்கே இரைகிறது என்று மைக் வைத்து அளப்பது வேலை. ஜெரோம் என்னோடு படித்தவன், புதுப்பட்டினத்துக்காரன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டு மிக்ஸ் செய்யப் போனான். பாடியவர் குரலையும் வாசித்தவர்கள் வாசிப்பையும் தனித்தனியாக வாங்கி, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று சேர்த்துக் கொடுக்கிற வேலை. சர்ச் பாட்டில் ஆரம்பித்துச் சின்னப் படங்கள் வரை வந்திருந்தான்.

அவனுக்குக் காது இருந்தது. எனக்கு அளவுகள் இருந்தன. ஒரு பாட்டில் ஏதோ இடிக்கிறது என்பான். எனக்கு ஒன்றும் தெரியாது. அளந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் அவன் சொன்ன இடத்தில் கோடு மேடாக இருக்கும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தேவனேரி அறையை எதிரொலி அடங்கும்படி நான் சரிசெய்து கொடுத்தேன். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கியதும் நேராக அங்கேதான் போவேன். ஜெரோம் அந்த அறையைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து மிக்ஸ் செய்ய மாட்டான். சென்னையிலிருந்து கூப்பிட்டபோதும் போகவில்லை. இந்த அறையில் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

பிறகு மாடியில் இருந்த வீட்டுக்காரர் எல்லப்பன் கட்டில் அதிர்கிறது என்று சண்டைக்கு வந்தார். ஸ்பீக்கரை நிறுத்து, இல்லாவிட்டால் காலி செய் என்றார். ஜெரோமுக்கு ஹெட்போன் ஆகாது. ஹெட்போனில் பாட்டு மண்டைக்குள் கேட்கிறதே தவிர எதிரில் நிற்பதில்லை என்பான். அது உண்மைதான். ஸ்பீக்கர் என்றால் இடது பக்கத்து ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும், சுவரில் பட்டுத் திரும்பும், காது மடலில் மடிந்து உள்ளே நுழையும். ஹெட்போனில் இதெல்லாம் கிடையாது. ஆனால் இதையெல்லாம் அளந்து, ஹெட்போனுக்குள் போட்டுவிட முடியும். நான் செய்கிறேன் என்று சொன்னேன்.

அவனை நாற்காலியில் உட்காரவைத்து, அரிசி மணி போன்ற இரண்டு மைக்குகளை அவன் காதுத் துளைகளின் வாயில் பொருத்தினேன். முதலில் இடது ஸ்பீக்கரிலிருந்து, உறுமலில் தொடங்கி விசிலாக ஏறும் நீண்ட ஒலி. பிறகு வலதிலிருந்து. மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அவன் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது, தலை அசையக் கூடாது என்பதால் துடைக்காமல் இருந்தான். அடுத்து, மைக்கை எடுக்காமலே ஹெட்போனை மாட்டி அதே ஒலி. முதல் அளவு, அறையும் ஸ்பீக்கரும் அவன் காதுக்கு என்ன செய்கின்றன என்று சொல்லும். இரண்டாவது, ஹெட்போன் என்ன செய்கிறது என்று சொல்லும். இரண்டாவதைக் கழித்து முதலாவதைச் சேர்த்தால் ஹெட்போன் மறைந்து அறை வந்து நிற்கும். கண்ணாடிக்குப் பவர் போடுவது போலத்தான். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது.

அன்று ஜெரோம் ஹெட்போனை மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், ஸ்பீக்கர் ஓடிகினு கீது. சும்மா என்னை ஓட்டாத."

தொட்டுப் பார்க்கச் சொன்னேன். எழுந்து போய் ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தான். அது அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றினான், அலைச் சத்தம் மட்டும் இருந்தது. மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான். அவன் கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அவன் அடுத்துச் சொன்னது வேறு. "இனிமே இந்த ரூமு என் பையில கீது மச்சான். எங்க வேணா எட்த்துகினு போலாம்."

ஒரு மாதம் போவதற்குள் ஐதராபாத்தில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் வேலை பேசிவிட்டான். மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். சொல்லும்போது என் தோளில் கை போட்டிருந்தான். ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அறையை நீயே வைத்துக்கொள் என்றான். ரெஜினா அவன் மனைவி, புகார் கொடுத்தவர். அவன் இல்லாத அறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் கோபப்படவில்லை. வாழ்த்துச் சொன்னேன்.

நான் அவனைத் தடுக்க நினைக்கவில்லை, மேடம். கொஞ்சம் தாமதமானால் அவனே யோசிப்பான் என்று நினைத்தேன். புறப்படுவதற்கு முன்னால் அளவை ஒருமுறை புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி, இடது காதுக்கான கோட்டில், கீச்சென்ற மேல் ஒலிகள் வருகிற பகுதியைச் சற்றே இறக்கினேன். சலங்கை, தாளம், குரலின் மூச்சு, இவை இருக்கும் பகுதி. யாருக்கும் தெரியாத அளவுதான். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம். எல்லப்பன் ஊருக்குப் போகும்போது ஜெரோம் ஸ்பீக்கரைப் போடுவான். அந்த ஒலியும் அதே கம்ப்யூட்டர் வழியாகத்தான் போனது. அங்கேயும் அதே குறைவை வைத்தேன். வேலையில் நான் ஒழுங்கானவன்.

இடது பக்கம் மங்கலாகக் கேட்டதால் அவன் அந்தப் பக்கத்தை ஏற்றினான். பாட்டை வாங்கியவர்கள் இடது பக்கம் காதைக் குத்துகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை சிரித்தான். அடுத்த தடவை சிரிக்கவில்லை. காதருகே விரலையும் கட்டைவிரலையும் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. கரையில் நின்று ஒரு காதைப் பொத்துவான், பிறகு மற்றதை. டீக்கடையில் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வான். வெளியே இருந்த ஒலிகளில் நான் கைவைக்கவே இல்லை. சந்தேகம் வந்த பிறகு அதற்கு என் உதவி தேவைப்படவில்லை.

ஒரு நாள் ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினான். அவன் கெட்டிக்காரன், அது என்றைக்காவது நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், திருப்பி மாட்னா வலது பக்கம் மந்தமா கீது. அப்போ கோளாறு காதுல இல்ல, இதுலதான?"

"உன் ரெண்டு காதும் ஒன்னு இல்லடா," என்றேன். "இடது காது அளவ வலதுல போட்டா அப்டித்தான் கேக்கும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு, "சர்தான்," என்று சொல்லி ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டான்.

செங்கல்பட்டில் காது டெஸ்ட் எடுத்தான். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தான். பேச்சு கேட்பதற்கான டெஸ்ட் இது, அதற்கு மேலே உள்ள நுணுக்கமான ஒலியை இதில் பார்ப்பதில்லை, உன் கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும் என்றேன். அந்த டெஸ்ட் அதற்கு மேலே போவதில்லை என்பது உண்மை, மேடம். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

ஐதராபாத்துக்கு வரவில்லை என்று அவனே அந்த ஸ்டுடியோவுக்குப் போன் செய்து சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே நாளில் காது சரியாகிவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வராதா. மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும். ஏற்றவும் ஆரம்பித்தேன். லேசாகத் தெளிகிற மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்ன அன்றே, அப்போ ஐதராபாத்தில் மறுபடி வேலை கேட்டுப் பார்க்கட்டுமா என்றான். மறுபடி இறக்கினேன்.

ரெஜினா ஒருமுறை என்னைத் தேடி அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "அண்ணா, டெஸ்ட்ல ஒன்னும் இல்லன்ட்டாங்க. இவரு நம்ப மாட்டன்றாரு. தூங்காம வூட்டுக்குள்ளயே நடந்துகினு கீறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு," என்றார். சொல்கிறேன் என்றேன். ஜெரோமிடம், ரெஜினா ரொம்ப பயந்து போயிருக்கிறார், இனி அவரிடம் எதையும் சொல்லாதே, என்னிடம் சொல் என்றேன். அவரை நிம்மதியாக வைத்திருக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த நாட்களில் எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணமில்லாமல் கல்பாக்கம் வரை பைக்கில் போய்த் திரும்புவேன். போன் அடித்தால் அவனாக இருக்கும் என்று எடுத்துப் பார்ப்பேன், அடிக்காவிட்டாலும் எடுத்துப் பார்ப்பேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், படித்த காலத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அப்போதுதான். எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்தான். மிக்ஸ் செய்யும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது சரியா மச்சான் என்று கேட்பான். நான் சரி என்றால் சரி.

பாலாற்றுக்கு அந்தப் பக்கம் நாட்டு வைத்தியர் ஒருவர் காது நரம்பைத் திறந்துவிடுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. தனியாகப் போக பயமாக இருக்கிறது என்றான், அதனால் என் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது ஜெரோம் திரும்பி, "போவட்டுமா?" என்று கேட்டான்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது என்ன வாக்கியம் என்று எனக்குத் தெரியும், வாயில்கூட வந்தது. "போய்ட்டு வா," என்றேன். எதிர்க்கடையில் ஒரு சோடா வாங்கினேன். குடிக்க முடியவில்லை. கையில் பிடித்தபடி கடைக்கும் பைக்குக்கும் நடந்துகொண்டிருந்தேன். காய்ச்சிய எண்ணெய் ஊற்றி, கம்பியில் பஞ்சு சுற்றி உள்ளே விடுவார்களாம். ஜெரோம் கத்தவில்லை. வெளியே வந்து, உலகமே சுற்றுகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு ஜுரம், சீழ், ஆபரேஷன். எல்லாம் உங்களுக்குத் தெரியும். இடது காது போய்விட்டது. உள்ளே சமநிலை பார்க்கிற இடமும் கெட்டுவிட்டதால் அவனால் நேராக நடக்க முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன். ரெஜினாவால் நர்சரிப் பள்ளி வேலையை விட முடியாதல்லவா.

இனி வேண்டாம் என்று சாமான்களை விற்கச் சொன்னது ரெஜினா. வாங்க வந்த கேசவன் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். கம்ப்யூட்டரைத் திறந்தவர், இடது பக்கம் மட்டும் ஏன் இப்படி இறங்கியிருக்கிறது, இப்படிக் கேட்டால் நல்ல காதுகூடச் செவிடு மாதிரிதானே இருக்கும், யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். ரெஜினாவுக்கு அது போதுமாக இருந்தது.

எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. என்னால் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். ஆமாம், செய்தது நான்தான். அவன் காதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும், அந்த வீட்டு வாசலில் நின்றபோதும் தெரியும். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஜெரோம் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறான் என்று சொன்னீர்கள். கலை அப்படிச் செய்ய மாட்டான் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானாம். அவனை ரெஜினாவோடு அனுப்பிவிடாதீர்கள், மேடம். படியில் இறங்கும்போது அவனுக்குத் தலை சுற்றும், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை டாக்டரிடமும் போக வேண்டும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.