இரண்டு சாவி

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

நாமக்கல்லில் எங்கள் வங்கிக் கிளையின் பின்பக்கம் ரிசர்வ் வங்கியின் பணத்தை வைத்துக் காக்கும் ஸ்ட்ராங் ரூம் இருக்கிறது. அதன் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று தமிழரசுவிடம். இரண்டும் ஒரே கையில் சேரக் கூடாது. திறப்பதும் பூட்டுவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான்.

தமிழரசுவுக்கு இதெல்லாம் விளையாட்டு. "இதையும் நீங்களே வெச்சுக்கோங்கண்ணா" என்று சாவியை என் மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். போன வருடம் ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். கண்டனம் என் பெயரில் ஏறியது, பதவி உயர்வு அவருக்குப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு விதிதான் முக்கியம்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலை. எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், இரவுக் காவலாளி இன்னும் வரவில்லை. பூட்டப் போகும்போது, "கண்ணாடிய உள்ளயே உட்டுட்டனுங்கண்ணா, ஒரு நிமிஷம்" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். லட்சுமி இருக்கிற இடம் என்று செருப்பை எப்போதும் வாசலிலேயே விடுவார். போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, அது மேஜையில் இருந்தது. நான் கதவைச் சாத்தி இரண்டு சாவியையும் திருப்பினேன். நல்ல கனமான கதவு, அப்புறம் சத்தமே வரவில்லை.

தினமும் என் காரில்தான் வீடு திரும்புவார். அன்று நான் மட்டும் ஜேடர்பாளையம் போய், தடுப்பணைப் படிக்கட்டில் அவருடைய செருப்பையும் போனையும் வைத்தேன். இருட்டியதும் அவர் மனைவி வித்யா கூப்பிட்டாள். "அண்ணா, இவரு இன்னும் ஊட்டுக்கு வரலீங்க." ஆற்றில் குளிக்கவேண்டுமென்றார், இறக்கிவிட்டேன் என்றேன்.

விடுமுறை முழுக்க ஆற்றில் தேடினோம். பரிசலுக்கு நான்தான் காசு கொடுத்தேன். "நீங்க மட்டும் இல்லீன்னா நாங்க என்ன பண்ணுவோமுங்க" என்று வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பொய்யில்லை.

ஈவு இரக்கமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு மூச்சு முட்டாமலிருக்கச் சுவரில் ஒரு துவாரம் உண்டு. அதை நான் அடைக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று, பர்ஸை மறந்துவிட்டேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போய் அதில் காது வைத்தேன்.

"யாருங்க? அண்ணனுங்களா?"

"நான்தான் தம்பி."

"தண்ணி... கதவத் தொறங்கண்ணா."

தொண்டை வறண்டு போயிருந்தது, பாவம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அவருடைய சாவி ஆற்றோடு போய்விட்டதென்று, விடுமுறை முடிந்து மாற்றுச் சாவி வரவழைத்துத் திறந்தார்கள். பிணத்தைத்தான் எடுத்தார்கள்.

ஆமாம், அவர் தண்ணி கேட்ட அன்று இரண்டு சாவியும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. ஆனால் என் சர்வீஸில் அந்தக் கதவை நான் தனியாகத் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை.