பிச்சையா காவலில் இருந்த பெட்டி

— மருந்துப்பெட்டியக் கீழ வைக்காத நர்சம்மா. அது இந்தத் தறிக்கூடத்துல இனி இறங்காது.

— கையிலயே வச்சிக்கிடுதேன் பிச்சையா அண்ணாச்சி. பேத்தி எங்கன?

— தொட்டில்ல கெடக்கா. பாக்கணும்னா பாரு. வலது காலத் தொடாத, தொட்டா வீறிடுவா.

— காய்ச்சல் எத்தன நாள் இருந்துச்சு?

— மூணு நாள். நாலாம் நாள் எந்திரிச்சு நிக்கப் போனா, கால் துணியாட்டம் மடங்கிப் போச்சு. ஒண்ணரை வயசுல தறிக்காலப் பிடிச்சிக்கிட்டு ஓடுன பிள்ள என் கோமதி.

— கால் முழுக்க இது என்ன மண்ணு?

— கோயில் புத்துமண்ணு. உன் சொட்டுமருந்துக்கு அது எவ்வளவோ மேல்.

— காய்ச்சலுக்கு ஊசி கீசி போட்டியளா?

— நான் எவன்கிட்டயும் ஊசிக்குப் பிள்ளையக் காட்டமாட்டேன். எழுபத்தாறுல குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசனுக்கு ஆள் பிடிக்க ஜீப்பு வருதுன்னதும் ரெண்டு நாள் பருத்திக்காட்டுல ஒளிஞ்சு கெடந்தவன். அன்னையிலேருந்து கவர்மெண்டு சரக்கு எதையும் வாசப்படி தாண்ட விட்டதில்ல. ஏழு வருசம் கழிச்சு உன் ஒருத்தி பேச்சத்தான் கேட்டேன். இந்தத் தெருவுல முப்பத்தெட்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு இங்கன உக்கார வச்சது யாரு? மாசி, பங்குனி, சித்திரைன்னு மூணு தடவ.

— மறக்கல அண்ணாச்சி. நீங்க இல்லன்னா ஒரு பிள்ள வந்திருக்காது.

— அதுக்குத்தான் இப்போ தெருவே என்னையக் காறித் துப்புது. தறியெல்லாம் ஏன் நிக்குன்னு நெனைக்க? கரண்டு இருக்கு. ஆளுகதான் எழுத்து தெரிஞ்ச துரைப்பாண்டி வீட்டுல கூடி, கலெக்டருக்குப் போற கடுதாசியில ரேகை வச்சிக்கிட்டு இருக்கானுவ.

— அதுல என்ன எழுதியிருக்கு?

— எனக்கு எழுத்தும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. துரைப்பாண்டி வாசிச்சான், கேட்டுக்கிட்டேன். நர்சு ஆயிஷம்மாள் கெட்டுப்போன மருந்த ஊத்தி ரெண்டு பிள்ளைக காலக் கெடுத்துட்டா. அவள வேலைய விட்டு நீக்கணும். அந்தப் பெட்டி இந்தத் தெருவுக்குள்ள இனி வரவே கூடாது.

— ரெண்டு பிள்ளைகளா?

— உனக்கு இன்னும் சேதி வரலையா? மாடத்தி மவனும் நேத்துலேருந்து நடக்கல.

— மாடத்தி மவனா. அவனுக்கும் மூணு தடவையும் நான்தானே ஊத்துனேன்.

— அதத்தான் தெருவும் சொல்லுது. நீதான் ஊத்துன.

— கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மூணு தடவ வாங்கியும் எங்கனயாவது ஒரு பிள்ளைக்கு மருந்து பிடிக்காமப் போறது உண்டு. ஒரே தெருவுல ரெண்டுன்னா அது வேற விசயம். காலையில பள்ளிவாசல் தெரு, மத்தியானம் இந்தத் தெரு. ஒரே பெட்டி, ஒரே மருந்து. அங்கன ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல.

— அதையும் துரைப்பாண்டி எழுதிட்டான். உன் ஆளுகளுக்கு நல்ல மருந்து, எங்களுக்குக் கழிச்சுப் போட்டது.

— நீங்களும் அத நம்புதியளா?

— நான் எதத்தான் நம்புதேன்.

— மொத தடவ எல்லாரும் தயங்கித் தயங்கி நின்னாங்க. அப்போ இந்த எடத்துல உக்காந்து மொதச் சொட்ட யார் வாயில ஊத்துனேன்? என் மவ மைமூன் வாயில. நீங்கதான அவ தாடையப் பிடிச்சிய.

— பிடிச்சேன். அது நெசம். இல்லன்னு சொல்லமாட்டேன்.

— பெறவு?

— பெறவு என்ன பெறவு? கடுதாசிக்கு அடியில உன் கையெழுத்து வேணுமாம். மருந்து கெட்டதுதான்னு ஒத்துக்கிட்டு ஒரு வரி. போட்டேன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன்மேல ஒரு கல்லு விழாது. அதுக்கு நான் பொறுப்பு.

— காரணம் தெரியாம எப்படிப் போடுவேன்? நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாமச் சொல்லுங்க. மூணு தடவையும் பெட்டிய உங்ககிட்ட வச்சிட்டுத்தான் வீடு வீடாக் கூப்பிடப் போனேன். அந்நேரம் பெட்டி எங்கன இருந்துச்சு?

— என் காலடியில. முப்பது வருசமாக் காவல் இருக்கிறவன்கிட்ட களவு கேக்கியோ?

— களவு இல்ல அண்ணாச்சி. பள்ளிவாசல் தெருவுல பெட்டி நிறைய ஐஸ் இருந்துச்சு. இங்கன திரும்பி வந்து தொறந்தா பாதி தண்ணியாக் கெடந்துச்சு. புட்டியில ஒட்டுன சீட்டெல்லாம் ஊறி உரிஞ்சு மிதந்துச்சு. மூணு தடவையும் அப்படித்தான்.

— ஐஸுன்னா உருகத்தான செய்யும்.

— அண்ணாச்சி.

— என்னத்த அண்ணாச்சி?

— பெட்டியத் தொறந்தது யாரு?

— நான்தான் தொறந்தேன். எதுக்கு ஒளிக்கணும், நான் என்ன தின்னேனா? நாலு புட்டியையும் எடுத்தேன். ஒரு துணியில முடிஞ்சேன். பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்ச வெந்நி கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு, அதுல கால்மணி நேரம் போட்டேன். திருப்பி ஐஸ்ல வச்சி மூடிட்டேன். பாத்தா நீ வைவேன்னு தெரியும்.

— கொதிக்கக் கொதிக்கவா?

— தளதளன்னு. மூணு தடவையும். நீதான மைக்கப் பிடிச்சிக்கிட்டுத் தெருத்தெருவாச் சொன்ன, காய்ச்சாத எதையும் பிள்ளைக வாயில ஊத்தாதீங்கன்னு.

— அது தண்ணிய அண்ணாச்சி. குடிதண்ணிய.

— தண்ணியவே காய்ச்சணும்னா, எங்கெங்கயோ உருண்டு வந்த கவர்மெண்டு சரக்கக் காய்ச்ச வேண்டாமா? அதுல என்ன கழிசடை கெடந்தாலும் அந்தக் கொதியில செத்திருக்கும். நான் அம்புட்டுப் பக்குவமாக் காய்ச்சிக் குடுத்தும் கால் போச்சுன்னா, உன் மருந்து எவ்வளவு கெட்ட மருந்தா இருக்கணும். இதையும் கடுதாசியில சேக்கச் சொல்லப்போறேன். ஏ நர்சம்மா. பெட்டிய எதுக்குத் தொறக்க?

— ஐஸ் இருக்கான்னு பாத்தேன்.

— பாத்தாச்சுல்லா, மூடு. கடுதாசிக்கு என்ன சொல்லுத?

— பேனா இருந்தாக் குடுங்க அண்ணாச்சி. கையெழுத்துப் போடுதேன். ஐஸ் இல்லாமக் கொண்டாந்தேன், மருந்து கெட்டுப்போச்சு. அப்படியே எழுதிக் குடுக்கேன்.

— இம்புட்டு நேரம் மல்லுக்கு நின்னவ இப்போ ஏன் போடுத? என்னைய ஏமாத்தாத. காய்ச்சினா என்ன ஆகும்?

— கேக்காதிய.

— கேக்கத்தான் செய்வேன். நான் காய்ச்சுனதுக்கும் கோமதி காலுக்கும் என்ன?

— அந்தச் சொட்டுக்குள்ள இருக்கிறது இந்த நோயோட கிருமியேதான். அதோட வீரியத்த எடுத்துட்டு உசுர மட்டும் விட்டு வச்சிருக்கு. அது வயித்துக்குள்ள உசுரோட போனாத்தான் பிள்ள உடம்பு அத அடையாளம் கண்டு, நாளைக்கு நெசக் கிருமி வந்தா எதுத்து நிக்கும். அந்த உசுரக் காக்கத்தான் ஐஸு.

— கொதிச்சா?

— செத்துரும்.

— அப்போ மூணு மாசமா இந்தப் பிள்ளைக வாயில விழுந்தது?

— பச்சத்தண்ணி.

— பச்சத்தண்ணி இல்ல. காய்ச்சுன தண்ணி.

— உங்கமேல குத்தமில்ல அண்ணாச்சி. காய்ச்சுங்க காய்ச்சுங்கன்னு மைக்குல கத்துனவ, இதக் காய்ச்சாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.

— அத விடு. கோமதி கால் திரும்புமா?

— கொஞ்சம் தேறலாம். முழுசா வராது.

— மாடத்தி மவனுக்கும் அப்படித்தானா?

— ம்.

— மிச்சம் எத்தன பிள்ளைக?

— முப்பத்தாறு. கூட என் மவ.

— அவளுக்கும் வேற மருந்து குடுக்கலையா நீ?

— உங்க கண்ணு முன்னால இங்கன குடுத்ததுதான் அண்ணாச்சி. மூணு தடவையும்.

— அப்போ முப்பத்தேழு.

— கிருமி இப்போ இந்தத் தெருவுலதான் நிக்குது. பத்து நாள்ல ஆடித்தபசு, ஊரு கொள்ளாத கூட்டம் வரும். இன்னைக்கே மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். மருந்து இந்தப் பெட்டியில இருக்கு, சாயங்காலம் வரைக்கும்தான் ஐஸ் தாங்கும். நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன். வேற நர்சு வந்து ஊத்தட்டும். நீங்க கூப்பிட்டா வருவாங்க. உங்க பேரு வெளிய வரவேண்டாம்.

— மருந்து கெட்டதுன்னு நீயே எழுதிக் குடுத்த பெறவு, எந்த நர்சு வந்தாலும் எவ பிள்ளையத் தூக்கிட்டு வருவா?

— அதுக்கு வேற வழி எனக்குத் தெரியல.

— வாசல்ல சத்தம் கேக்கா? வந்துட்டானுவ.

— அண்ணாச்சி, வேண்டாம். மாடத்தி புருசனும் நிக்கான். உங்கள உசுரோட விடமாட்டான்.

— நிக்கட்டும், அவன் கேக்கணும். ஏலே துரைப்பாண்டி, கடுதாசியோட உள்ள வா. ஆயிஷம்மாள்னு எழுதியிருக்க எடத்தையெல்லாம் அடிச்சிட்டு, பிச்சையான்னு எழுதி, மொதல்லேருந்து சத்தமா வாசி.