மணிக்கூண்டு அடங்கிய மதியம்

மதியம் இரண்டு மணி. சிவப்பு நாடா கட்டி அடைத்த தெரு... நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே ஆள் நடமாட்டமில்லை. இத்தாலியின் தெற்கே, எங்கள் பசிலிக்காத்தா மலையில் அந்த வேளை செத்தவர்களுடையது. மற்றவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கிவிடுவோம்.

நடந்தது சவேரியோவின் அக்கா மகள் அசுந்தாவுக்கு. அவன் அதைச் சொன்ன இரவில் சதுக்கத்து மேசையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தவர்களில், இன்று இதை எழுத மிஞ்சியவன் நான் ஒருவன்தான்.

அசுந்தா பழைய கட்டடங்களைக் காக்கும் பயிற்சியில் இருந்தாள். தானே பொறுப்பேற்ற முதல் வேலை எங்கள் தேவாலய மணிக்கூண்டு. அடியில், நடுவில், உச்சியில் சுவரோடு திருகிய மூன்று சின்னப் பெட்டிகள். கல்லின் நடுக்கத்தை அவை கணினித் திரையில் கோடாக வரையும். உச்சிக் கோடு திரையிலிருந்த சிவப்பு எல்லையைத் தாண்டினால் திங்களன்று கூண்டை இடித்துவிடுவார்கள். ஊரே அசையாத நேரம்தான் அளவெடுக்கச் சரி.

"இந்நேரத்துல வெளிய நிக்கிறதை எங்கம்மா பாத்தா, செருப்பைக் கழட்டிருவா" என்றான் கூடப் பயின்ற நிக்கோலா.

"வாயை மூடு. நீ பேசுறதும் பதிவாகும்."

உச்சிக் கோடு சிவப்பைத் தொட்டது... தாண்டியது. அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது அந்தத் தேவாலயத்தில்தான்.

அப்போது அடிப்பெட்டியில் ஒரு துடிப்பு. தட்... தட்... தட். பிறகு நடுப்பெட்டியில். உள்ளே படிக்கட்டே கிடையாது. நிலநடுக்கத்தில் மணியடிப்பவரோடு சேர்ந்து அது சரிந்துபோயிருந்தது. அணைத்த மெழுகுதிரி வாசனை. காலடி உச்சிக்குப் போனது. நின்றது.

உச்சிக் கோடு மெல்ல அடங்கி, அப்படியே படுத்துக்கொண்டது.

அசுந்தா அழுதுவிட்டாள். அடங்கிய பிறகு எடுத்த அளவையே கொடுத்தாள். கூண்டு தப்பியது. நாடாவை அவிழ்த்தார்கள், ஊர் திரும்பியது.

பிறகொரு நாள் கிரேன் கூடையில் ஏறிப் பெட்டிகளைக் கழற்றப் போன நிக்கோலா, வெளிறிப்போய் இறங்கினான்.

"மேல் பெட்டி சுவத்துல இல்ல. ஜன்னல் மாடத்துல உக்காந்திருக்கு."

"திருகு கழண்டு விழுந்திருக்கும்."

"விழுந்த பெட்டி, தனக்கு அடியில கைக்குட்டையை நாலா மடிச்சு விரிச்சுக்குமா, அசுந்தா?"

துணிமேல் இருக்கும் பெட்டிக்குச் சுவரின் நடுக்கம் எட்டாது. அன்று அடங்கியது கூண்டு இல்லை.

சவேரியோ கூண்டை அண்ணாந்து பார்த்தான். "சொன்னா இடிச்சிருவாங்கன்னு ரெண்டும் வாயே திறக்கல."

"போதும்ப்பா, ராத்திரி நான்ல தனியா பாத்திரம் கழுவணும்" என்று என் மனைவி தெரேசா சிரித்தபடி எல்லோருக்கும் ஒயின் ஊற்றினாள். நிலா ஏறியிருந்தது. கூண்டின் நிழல் எங்கள்மேல் விழுந்து கிடந்தது. யாரும் எழவில்லை, யாரும் மேசையைத் தொடவும் இல்லை.

கோப்பைகள் மட்டும் ஒன்றோடொன்று உரசி, மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தன.