தம்பியின் தங்கமான பேச்சு

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவனிடம் மிஞ்சியது கண்ணசைவும் வலது கட்டைவிரலின் அசைவும் மட்டும்தான். ஆனாலும் அந்த வாய் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். அவன் ஒரு சொல்லை அழுத்தினால், அது மூன்று முழு வாக்கியங்களைத் திரையில் காட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அவனுடைய பழைய குரலிலேயே பேசும். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பார்த்துப் பார்த்து அவன் பேசும் விதத்தைக் கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

அதில் அவன் முதலில் பேசியது, அவனைக் கவனிக்க என் வீட்டுக்கு வந்த நர்ஸிடம். "இதெல்லாம் ஒரு சாப்பாடா? நீயே தின்னு." மறுநாள் அவள் வரவில்லை. அடுத்து வந்தவளும் நிலைக்கவில்லை. பிறகு நான்தான் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தேன், துடைத்தேன், ஊட்டினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது, "அக்கா, உன் மூஞ்சிய காட்டாத." எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்க அவனுக்கு நேரமாகும். அதனால் அவனுக்காக நானே தேர்ந்தெடுத்தேன். மூன்றில் எது மரியாதையாக இருக்கிறதோ, அதை. நான் செய்தது அவ்வளவுதான். கருவிக்குச் சீக்கிரம் பிடிபட்டது. பிறகு அது எதையும் காட்டிக் கேட்கவில்லை, தானே பேசியது. 'வேண்டாம்' என்று அழுத்தினால், "உன் இஷ்டம் அக்கா" என்றது. புது நர்ஸ் அவனைத் தங்கம் என்றாள். வெளியூரில் இருக்கும் அவன் மகள் ஃபோனில் பேசியபோது 'வா' என்று அழுத்தினான். "நான் நல்லா இருக்கேம்மா, நீ வேலையப் பாரு" என்றுதான் அவள் காதில் விழுந்தது. அவளும் நிம்மதியாக வேலையைப் பார்த்தாள். இதில் யாருக்கு நஷ்டம்?

அவன் மட்டும் என்னை முறைப்பான். விரலால் திரையைக் குத்துவான். குத்தக் குத்தக் கருவி இன்னும் இனிமையாகப் பேசும். இத்தனை நல்ல பேச்சுப் பேசிக்கொண்டே ஒருவனால் எப்படி முறைக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசி வாரம் 'வலி' என்று அழுத்தினான். "லேசா அசதியா இருக்கு" என்றது. டாக்டர் வந்து அவனிடமே கேட்டார். மறுபடி அழுத்தினான். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம் டாக்டர்" என்றது. வயிற்றில் கைவைக்கப் போனவர் தயங்கி என்னைப் பார்த்தார். அவன் அழுத்திய சொல் திரையின் ஓரத்தில் எனக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் கருவியைச் சரிசெய்கிறேன் என்று கிளம்புவார்கள். பழைய வாய் திரும்பி வந்துவிடும். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போஸ்ட்மார்ட்டத்தில் பார்த்தால் குடல் வெடித்திருந்தது என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர்.

தெரிந்தேதான் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் என்னை வெறுத்தான் என்று அவன் மகள் சொல்கிறாளே, அதை மட்டும் எழுதாதீர்கள். கருவி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. நேற்றுகூட அதில் 'கோபமா' என்று அழுத்தி அவனிடமே கேட்டேன். "உன்மேல எனக்கு என்ன கோபம் அக்கா" என்றான்.