உதைத்த குதிரை

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு காலை, தானா ராத்தா என்ற மலையூரில் மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் இருவர். ஒருவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

"குதிரை உதைச்சிருச்சு மச்சான்! இப்பத்தான் மனசு லேசாச்சு."

"உதை வாங்கிட்டுச் சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன் லா."

"ஜப்பான் ஆபீசர் குதிரை, பாத்துக்கிறது நான். அது நொண்டினா என் தலை போயிரும். முந்தாநாள் முன்னங்காலை நீட்டி, பின்னால சாஞ்சு நின்னுச்சு. திரும்பவே தயங்குச்சு. குளம்பைத் தொட்டா அடுப்புக்கல்லாட்டம் சூடு."

"என்ன போட்டே?"

"கொழுக்கட்டும்னு நெல்லை அள்ளி அள்ளிப் போட்டேன். நெல்லு மிஞ்சினா குளம்புக்குள்ள வீங்கிரும்."

"நமக்குக் கிழங்கு, அதுக்கு நெல்லா! எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

"உடனே நெல்லை நிறுத்திட்டேன். காய்ஞ்ச புல்லு மட்டும் போட்டு, ஆத்துத் தண்ணியில நிக்க வச்சேன். கூடவே நானும் நின்னேன். இன்னிக்குக் குளம்பு சில்லுன்னு இருக்கு. பின்னங்காலால விட்டுச்சு பாரு ஒண்ணு! முன்னங்கால் வலிச்சா, முழு பாரத்தையும் அதுல போட்டு உதைக்குமா?"

"எதுக்கும் மறு தொடையிலயும் ஒண்ணு வாங்கிப் பாரு. சந்தேகம் தீரும்."

வரிசை நகர்ந்தது. குதிரைக்காரர் நொண்டிக்கொண்டே முன்னால் போனார், சிரிப்பு மாறாமல்.